குட்டிக்குப் பிடித்தவர்

மழை வரும் அறிகுறியே இல்லை. ஆனாலும் குதிரைக்குட்டியை வாங்க வந்தவருக்கு வலுக்கட்டாயமாக மழைக்கோட்டை மாட்டிவிட்டார் லாயக்காரர்.

"வெயிலடிக்குதேங்க. அதோட, உள்பக்கம் வெளியே இருக்கு."

"இந்த வானத்தை நம்ப முடியாதுங்க. இப்ப இப்படித்தான் போடுறாங்க."

நம்ப முடியாத ஆள் லாயக்காரர்தான். கோட்டு அவர் மனைவியுடையது. பிறந்த அன்றே தாயை இழந்த குட்டிக்கு, அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். அவளுக்கு அடையாளம் தெரியக்கூடாதே என்று இவர் திருப்பி மாட்டியிருந்தார். வழக்கமாகச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் கோட்டு, இன்று இவர் நல்ல நேரம், லாயத்து ஆணியிலேயே இருந்தது.

குட்டிக்கு அப்பன் வார்ம்பிளட் என்ற உயரமான ஐரோப்பியச் சாதி, அம்மா நாட்டுக் குதிரை. இரண்டு வயதிலேயே லாயத்துக் கூரையில் தலை இடித்தது. போன வாரம் கதவை உதைத்துப் பெயர்த்தது. இன்னும் இங்கேயே வைத்திருந்தால் காலை ஒடித்துக்கொள்ளுமே என்று இவருக்குத் தூக்கமில்லை.

மனைவியோ ஒரே பிடிவாதம். "அவனா யார்கிட்டப் போறானோ, அவங்களுக்குத்தான்."

இதுவரை வந்த மூன்று பேரையும் குட்டி கடித்து அனுப்பியிருந்தது. இன்று வந்தவர் நான்காவது ஆள். நேற்று போன் செய்தபோது விலையைக் கேட்காமல், குட்டி எதற்கெல்லாம் பயப்படும் என்று மனைவியிடம் அரைமணி நேரம் விசாரித்தாராம். சுத்த அப்பாவி என்று லாயக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

மனைவி முற்றத்துக்கு வந்து நின்றாள். குட்டி அவிழ்த்துவிடப்பட்டது.

அது வந்தவரிடம் நேராகப் போனது. முகர்ந்தது, அவர் தோளில் தலையைச் சாய்த்தது, அவர் நடந்த பக்கமெல்லாம் பின்னாலேயே நடந்தது.

"பாத்தியா? போன ஜென்மத்து உறவு மாதிரி ஒட்டிக்கிச்சு" என்றார் லாயக்காரர்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். வந்தவர் பின்னாலேயே குட்டி லாரியிலும் சமர்த்தாக ஏறியது.

மனைவி உள்ளே போய்விட்டாள் என்று நினைத்து, லாயக்காரர் லாரிக்கு ஓடினார். "கோட்டைக் கழட்டிக் குடுங்க, சீக்கிரம்."

முதுகுக்குப் பின்னால் மனைவியின் குரல் கேட்டது.

"நேராத் திருப்பிப் போட்டுக்குங்கண்ணே, உங்களுக்காகத்தான் காலையிலயே அதை ஆணியில மாட்டி வச்சேன்."