நடுத்தூண்

வெட்டும் இயந்திரத்தின் வாய் மறுபடியும் தூணைக் கவ்வியது. மறுபடியும் வழுக்கியது.

காரின் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் நிற்கும் தூண். லாரி இடித்ததில் உள்ளே வளைந்திருந்தது. இடதுபக்க இருக்கையில் இருந்த அவளை அழுத்திக்கொண்டிருந்தது.

வளைந்ததே தவிர, உடையவில்லை.

ஓட்டிவந்த அவன் தன் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கிவிட்டான். ஒரு கீறல்கூட இல்லை. மனைவி உள்ளே, கணவன் வெளியே.

"செம ஸ்ட்ராங்கான வண்டிப்பா," என்றார் கூட்டத்தில் ஒருவர். "கட்டராலயே வெட்ட முடியல பாரு."

பாராட்டு சேரவேண்டிய இடத்தில்தான் சேர்ந்தது. அந்தத் தூணைத் தகட்டிலிருந்து அழுத்தி எடுக்கும் கார் ஆலையில்தான் அவனுக்கு வேலை.

ஒரு காரில் எல்லாத் தகடும் ஒரே தகடு அல்ல. பானெட், இடித்தால் கசங்குவதற்கென்றே செய்த மெல்லிய தகடு. கூரை, துத்தநாகம் பூசியது; கையை ஊன்றி அழுத்தினால் குழி விழும். கதவின் வெளித்தகடு, பெயின்ட் காய்கிற அடுப்பில்தான் முழுதாக இறுகும்.

இந்தத் தூண் மட்டும் போரான் எஃகு. பழுக்கக் காய்ச்சி, குளிர்ந்த அச்சுக்குள் வைத்து அழுத்துவார்கள். அதன்பிறகு அது யார் பேச்சையும் கேட்காது.

அவ்வப்போது ஒரு தூணை எடுத்து உடைத்துப் பார்ப்பார்கள். உடையாவிட்டால் கைகுலுக்கிக்கொள்வார்கள்.

வண்டி வாங்கும்போது அவள் நிறத்தைப் பார்த்தாள். அவன் தூணைப் பார்த்தான். தட்டிக்கூடக் காட்டினான். அவளுக்கு எந்தத் தகடும் ஒரே சத்தம்தான்.

மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி. அன்றைக்கு உள்ளே உட்கார்ந்திருந்தது பொம்மை. பொம்மையை வெளியே எடுக்க யாருக்கும் அவசரம் இருப்பதில்லை.

"ஏங்க."

குனிந்தான்.

"எவனோ வீடியோ எடுக்கறான். துப்பட்டாவ சரி பண்ணி விடுங்க."

சரி பண்ணிவிட்டான்.

துப்பட்டா நனைந்திருந்தது.

தீயணைப்பு வீரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இது பழைய கட்டர் தம்பி. பழைய வண்டின்னா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

அப்போதுதான் அவனுக்கு அது தோன்றியது. இத்தனை நேரம் தோன்றாதது.

தூணின் அடிப்பகுதியை மட்டும் ஆலையில் சட்டென்று குளிரவிடுவதில்லை. அச்சின் அந்த இடத்தைச் சூடாகவே வைத்திருப்பார்கள். அங்கே எஃகு கொஞ்சம் இளகியே நிற்கும். தினமும் அந்தச் சூட்டைச் சரிபார்ப்பது அவன்தான்.

"அண்ணே, கீழ! அடியிலேர்ந்து நாலு விரக்கட மேல. அங்க வைங்க!"

வைத்தார். கவ்வியது. பட்டென்று ஒரு சத்தம்.

தூண் அடியில் துண்டானது. கூட்டம் கைதட்டியது. வீடியோ எடுத்தவனும் ஒரு கையால் தொடையில் தட்டினான்.

இனி மேலே கூரையைக் கத்தரித்துத் தூணை வெளியே மடக்கினால் போதும். எங்கே கத்தரிக்க வேண்டும் என்று அவன் நகத்தால் கோடு போட்டான். பெயின்டில் கோடு நன்றாகவே விழுந்தது.

வீரர் இயந்திரத்தைத் தூக்கினார்.

உள்ளே பார்த்தார்.

இயந்திரத்தைக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றினார். அவள் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

பிறகு போய் கட்டரை இயக்கும் மோட்டாரை நிறுத்தினார்.

சாலையின் மற்ற சத்தமெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க?" என்றான் அவன். "கஷ்டமானது முடிஞ்சிருச்சுண்ணே. இனிமே சும்மா பேப்பர் மாதிரி போயிரும்."