பழைய பக்கம்

"இதைப் போட்டுட்டா நெட்டு பிச்சுக்கிட்டுப் போகும் முதலாளி. ஒரு கம்ப்யூட்டர்லயும் கைவைக்க வேணாம். உக்காந்திருக்கிறவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது" என்றான் அஸ்பாக்.

தேரடித் தெரு பிரவுசிங் சென்டர் முதலாளி கோதண்டராமனுக்கு வாயெல்லாம் பல்.

சொன்னது முழுப் பொய்யுமில்லை. கடையின் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் நெட் போகிற லினக்ஸ் பெட்டியில்தான் பக்கங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்கிறபோது எடுத்துக் கொடுக்கிற பிராக்ஸியை அவன் போட்டுக்கொண்டிருந்தான். ஆனால் அவனுக்கு வேகமா முக்கியம்? ஒரே ஒரு பக்கம்! அதை யார் எங்கே உட்கார்ந்து கேட்டாலும் புதுசு வரக்கூடாது. அவன் எடுத்து வைத்திருந்த பழசுதான் வரவேண்டும்.

அது ஒரு கப்பல் கம்பெனியின் பக்கம். அண்ணன் நூருல்லா வேலை பார்த்த கப்பல் புயலில் மூழ்கிவிட்டது. 'தேடுதல் தொடர்கிறது' என்று நேற்றுவரை இருந்த இடத்தில், இன்று காலை இறந்தவர்கள் பெயரைப் போட்டுவிட்டார்கள். அதில் நூருல்லாவும் இருந்தான். பாவம், பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுது தீர்த்துவிட்டுத்தான் அஸ்பாக் கீபோர்டைத் தொட்டான்.

பாபிக்கு, அதாவது அண்ணன் மனைவி பிர்தௌஸுக்கு, இது ஒன்பதாம் மாசம். பி.எஸ்ஸி. படித்தவள், வாயால் சொல்லி ஏமாற்ற முடியாது. தினமும் வந்து, எது காலியோ அதில் உட்கார்ந்து, தானே தட்டிப் பார்ப்பாள். பிரசவம் ஆகிற வரைக்குமாவது அவளுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் தாயும் பிள்ளையும் தாங்குமா?

சாயங்காலம் வந்தாள். உள்ளே நுழையும்போதே "ஏதாச்சும் புதுசா உண்டா?" என்று கேட்பவள் இன்று கேட்கவில்லை. உட்கார்ந்து தட்டினாள். பழைய பக்கம் வந்தது.

அப்போதுதான் அஸ்பாக்குக்கு உறைத்தது. பக்கத்தின் தலையிலேயே நேற்றைய தேதி! அட மடையா, அதை மாற்றாமல் விட்டாயே! அவள் கண் அந்தத் தேதியில் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் கீழே இறங்கி நிதானமாகப் படித்தாள்.

அவன் அவசரமாக அவள் பக்கத்தில் போய் நின்றான். "லைன் சரியில்ல பாபி. எழுந்திரிங்க, வீட்டுக்குப் போலாம். நாளைலேர்ந்து நானே பாத்துச் சொல்றேன்."

"வேணாம் அஸ்பாக். இதை மாத்திடாத." அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "மத்தியானமே கம்பெனிலேர்ந்து வீட்டுக்குப் போன் வந்துடுச்சு."

அவன் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"இங்க மட்டும்தான் அவரை இன்னும் தேடிட்டிருக்காங்க."