தலைக்காளான் வைத்தியர்

எங்கள் சதுப்புக்காட்டில் தலைக்காளான் என்றொரு நோய் உண்டு. தற்பெருமை பேசுகிறவர்களின் உச்சந்தலையில் காளான் முளைக்கும். பேசப் பேச அது குடை மாதிரி விரியும். வலி இருக்காது என்பதால் வந்தவருக்கே தெரியாது. இதற்கு வைத்தியம் பார்க்கிற ஒரே தவளை நான்தான்.

அன்று அடைமழை. வெட்டவெளியில் என் பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். என்மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை. மழைக்கும் என்மேல் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். சுற்றிலும் வேறு ஒரே கூட்டம். எல்லாம் என் கைராசி!

முதலில் நின்ற ஓணானின் தலையைத் தடவிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அடுத்து நத்தை. அதற்கும் ஒன்றுமில்லை.

"உங்களுக்கெல்லாம் நோயே இல்லையே! ஆனாலும் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. என்னை மாதிரி நாடி பார்க்க இந்தக் காட்டிலேயே ஆள் கிடையாது" என்றேன்.

கூட்டம் ஆரவாரம் செய்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓரமாக ஒடுங்கி நின்ற அணில் கெஞ்சியது: "இன்னும் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க வைத்தியரே. என் வால் மட்டும் நனையுது."