இருட்டுக்குப் பயந்த மாமா

கிட்ட வந்து இருங்கோ. இது உரத்துச் சொல்லுற கதை இல்லை. ஒரு மனிசனுடைய மானம் கப்பலேறின கதை.

வெஸ்ட் வின்ட்சர் பேரின்பநாதனுக்குத் தொழில் சத்திரசிகிச்சை. பெரிய டொக்டர். ஆனால் உயிர் என்னவோ கல்லில்தான். வடக்கு நியூஜெர்சியில் மூடிக்கிடந்த பழைய துத்தநாகச் சுரங்கம் ஒன்றை இப்போது சனத்துக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று அறிந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே புராணம். உள்ளுக்கு ஒரு சுவர் இருக்காம். வெளிச்சத்தில் வெறும் சாம்பல் கல்லாம். கும்மிருட்டில் ஊதா விளக்கைப் பிடித்தால் பச்சையும் சிவப்புமாகப் பற்றி எரியுமாம்.

மகன் மயூரனுக்குக் கலியாணம் முடிந்த புதிது. மருமகள் ரூபிகா முல்லைத்தீவிலிருந்து வந்து இன்னும் குளிருடுப்புக் கூடப் பழகவில்லை. "பிள்ளைக்கும் ஒரு இடம் காட்டினதாப் போகும்" என்று மாமனாரே முடிவு கட்டினார். மனுசி ராஜராணி மட்டும், கடற்கரைக்குப் போவமே என்று ஒருக்காச் சொல்லிப் பார்த்தா. ஆர் கேட்டது? ரூபிகாவும், மாமா ஆசைப்படுகிறார், போவம் என்றுவிட்டாள்.

தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி எல்லாருக்கும் முன்னால் நடந்தார் பேரின்பநாதன். பின்னால் ஒரு பஸ் சனம். சுவருக்கு முன்னால் வந்ததும் வழிகாட்டி எல்லாரையும் நிறுத்தி, போனை அணையுங்கள், இனி உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது என்றார்.

லைற் அணைந்தது. பேரின்பநாதன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த இருட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது. வேறு ஆர், அவருடைய மனுசிதான்.

"சேர், ப்ளீஸ், லைற் ஒன். மை ஹஸ்பண்ட் வெரி ஸ்கேர்ட். ஹீ வில் ஃபெயின்ற்."

இருட்டைக் கண்டால் புருசன் மயங்கி விழுந்துவிடுவாராம். யன்னல் சீலையில் ஊசித்துவாரம் இருந்தாலும் எழும்பிப்போய் அடைத்துவிட்டு நித்திரை கொள்ளுகிற மனிசனைப் பார்த்துச் சொன்ன சொல் அது.

பதறிப்போய் லைற்றைப் போட்டார் வழிகாட்டி. அத்தனை தலையும் பேரின்பநாதன் பக்கம் திரும்பியது. நானா என்று வாய் திறக்கப் போனவரின் விலாவில் ராஜராணியின் முழங்கை இடித்தது.

"பேசாமல் நில்லுங்கோ."

வயதான வெள்ளைக்காரி ஒருத்தி அவருடைய முதுகைத் தடவிவிட்டாள். மயூரன் காதுக்குள் வந்து, "இட்ஸ் ஓகே அப்பா, தெரபி ஹெல்ப்ஸ்" என்றான்.

வழிகாட்டி நல்ல மனிசன். ஒரு டோர்ச்சை எரியவிட்டு அவருடைய கையில் கொடுத்து, முடியும்வரை பிடித்திருங்கள் என்றார். பிறகுதான் ஊதா விளக்கு வந்தது. என்ன பிரயோசனம்? அவர் கையிலிருந்த வெளிச்சமே அவருடைய பச்சையையும் சிவப்பையும் குடித்துவிட்டது. சுவர், சாயம் போன சீலை மாதிரித் தெரிந்தது. பின்னால் ஆரோ சலித்துக்கொண்டதும் அவருக்குக் கேட்டது.

மேலே வந்து கார் நிற்கிற இடம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர், அங்கே வெடித்தார்.

"உன்னோட இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினன். ஒரு நாள் இருட்டுக்குப் பயந்தனானோ? ஊர்பேர் தெரியாத சனத்துக்கு முன்னால என்னைக் கோமாளி ஆக்கிப்போட்டாய். என்ர மகன் எனக்கு வைத்தியம் சொல்லுறான். உனக்குக் கடற்கரைக்குப் போகேல்லை எண்ட எரிச்சல். அதுக்கு இப்பிடியோ பழி வாங்கிறது?"

ராஜராணி கார் பொனற்றில் சாப்பிடக் கொண்டுவந்த றோல்ஸ் பெட்டியை வைத்துத் திறந்தா. வெயில் சுட, சுவெற்றர் கையை மேலே இழுத்துவிட்டா.

ஏச்சு பாதியில் நின்றது. டொக்டர் கண் அல்லவா, அதற்குத் தப்பாது. அவவின் மணிக்கட்டில் நாலு நகம் பிறை பிறையாகப் பதிந்திருந்தது. ஒன்றில் ரத்தம் கசிந்திருந்தது.

"இதென்ன? ஆர் செய்தது?"

அவ றோல்சை எடுத்துக் கடதாசியில் வைத்தா. அவர்தான் மெல்லத் திரும்பிப் பார்த்தார். ரூபிகா காரின் மற்றப் பக்கம், சுரங்க வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இரண்டு கையையும் ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்து, முகத்தை வெயிலுக்குக் கொடுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

பேரின்பநாதன் சண்டை தொடங்கின எண்பத்து மூன்றிலேயே ஊரைவிட்டுப் பிளேன் ஏறியவர். குண்டுக்கு ஒளிக்க நிலத்தில் வெட்டுகிற பங்கர் என்றால் பேப்பரில் வாசித்ததுதான். செல்லடியில் பங்கர் மூடிப்போய், சின்னப் பிள்ளையாக இருந்த ரூபிகாவை மண்ணைத் தோண்டி எடுத்த கதையைச் சம்பந்தம் பேசின அன்றைக்கு அவளுடைய தாய் சொன்னா. இவரும் தலையாட்டிக் கேட்டார். அதோடு மறந்தும் போனார். கலியாண வீட்டில் ஆரோ "ஐயோ பாவம், எப்பிடித்தான் தப்பினாயோ" என்று தொடங்கினபோது, பந்தியிலிருந்து எழும்பிப் போன பிள்ளை அது.

"நான்தானே அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு..." என்று இழுத்தார்.

ராஜராணி சுவெற்றர் கையைக் கீழே இழுத்து மூடினா. பிறகு மற்றப் பக்கம் திரும்பி, மகனுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னா.

"ரூபிகா, அந்தத் தண்ணிப் போத்தலைக் கொண்டுவந்து மாமாவுக்குக் குடு பிள்ளை. கையைப் பிடிச்சுக்கொண்டு குடு. மனுசன் இன்னும் நடுங்குது."