இரண்டு பேர் அளவு

ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரத்து மாலை வெயில் பாதி ஏற்றிய ஷெட் கதவுக்குக் கீழே நுழைந்து, பீர் கொதிக்கும் அண்டாவின் விளிம்பில் மின்னுகிறது. குடியை விட்டு ஒரு வருடம்கூட ஆகாத பக்கத்து வீட்டு கிளைவ், கவிழ்த்த பக்கெட் மேல் டைமரோடு உட்கார்ந்திருக்கிறான். நான் கூப்பிடவில்லை. அடுப்பின் இரைச்சல் வேலி தாண்டிக் கேட்டிருக்கும். வந்ததும் போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கசப்புக்கு ஹாப்ஸ் பூவை முதலிலேயே போட்டாயிற்று. வாசனைக்கு அதே பூவில் இன்னொரு கைப்பிடி மிச்சமிருக்கிறது. என் கை அதை நோக்கிப் போகிறது. "இப்பவே போட்டுத் தொலைக்காதடா. அடுப்பை அணைச்சப்புறம் போடு, இல்லேன்னா வாசமெல்லாம் ஆவியாப் போயிரும்," என்கிறான். "நீ வீட்டுக்குப் போயேன், பொண்டாட்டி தேடுவா," என்கிறேன். "உனக்கு நேரம் பாக்கத் தெரியாது. போன வருஷம் கஷாயம்ல காய்ச்சினே." "அதையும் ஒரு சொட்டு விடாம குடிச்சியே." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். டைமர் அலறுகிறது. அடுப்பை அணைக்கிறேன். பூவை அவனே அள்ளிப் போடுகிறான். ஆரஞ்சுத் தோல் வாசனையோடு ஆவி எழுகிறது. கிளைவ் குனிந்து, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுக்கிறான். நான் சுவரில் தொங்கும் ரம்பத்தைப் பார்க்கிறேன். அண்டாவை அவனே மூடுகிறான். மூடியிலிருந்து கையை எடுக்காமல் சொல்கிறான்: "இன்னமும் நம்ம ரெண்டு பேர் அளவுக்குத்தான்டா காய்ச்சறே நீ."