பகலில் கடிக்கும் கொசு

மாமியாரும் மருமகளும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. அதனால் அம்மா கெம்பம்மாவை ஜூஜுவாடியிலும், மனைவி பிரியாவை மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலும் குடிவைத்த புண்ணியவான் நம் திருமலை. யாருக்கும் மனக்குறை வரக்கூடாதென்று, கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்து இரண்டு வீட்டிலும் சமையலும் அவன்தான். போன வாரம் பிரியாவுக்குச் சிக்குன்குனியா. இப்போது அம்மாவுக்கும் காய்ச்சல்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா, "இவங்களுக்கும் சிக்குன்குனியாதான். ஆனா ஜூஜுவாடியில யாருக்கும் இல்லையே. இது பகல்ல கடிக்கிற கொசு, ரொம்ப தூரம் பறக்காது. அத்திப்பள்ளிப் பக்கம் போனீங்களாம்மா?" என்றார்.

"அந்தப் பக்கம் தலைவச்சுக்கூட படுக்க மாட்டாங்க மேடம்," என்றான் திருமலை.

கெம்பம்மா மின்விசிறியைப் பார்த்தாள்.

அந்நேரம் தன் மூட்டு வலிக்கு மருந்து வாங்க பிரியா நொண்டியபடி உள்ளே வந்தாள். கதவோரம் நின்ற புருஷனைக் கவனிக்கவில்லை.

"அத்தே, தினம் எங்க வீட்டுப் படிக்கட்டுல தாயம் ஆடுறோமே, அதுக்குக் கீழ இருக்கிற தொட்டி பூரா கொசுப்புழு. இனிமே ஆட்டத்தை உள்ள வச்சுக்கலாம்."

"அப்ப சண்டை?" என்றான் திருமலை.

"நாங்க ராசியாயிட்டா நீ எங்கடா சமைக்கப் போற?" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் கெம்பம்மா.

"மூட்டு வலி சில மாசம் இருக்கும்," என்றார் டாக்டரம்மா.

"அதுவரைக்கும் ஒரே வீட்ல இருந்துக்கறோம்," என்றாள் பிரியா. "நீங்க ஒரு உலை வச்சா போதும்."