பாதாம் பாட்டிலுக்குக் கேட்ட சிரிப்பு

ஒரு வீட்டுக்காரி சிரித்தே பல மாசம் ஆகியிருந்தது. பாதாம் தின்றால் மனசும் உடம்பும் தேறும் என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்து பருப்பை ஊறப்போட்டு, காலையில் தோலை உரித்துத் தின்றாள்.

இன்று காலை குட்டைப் பாதாமின் அண்ணன் போய்விட்டது. அடுத்து தான்தான் என்று குட்டைக்கு உதறல். பாட்டிலின் அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது.

"பயந்தாங்கொள்ளி! நீ போனா அவ சந்தோஷமா இருப்பால்ல?" என்று பக்கத்து டப்பாவிலிருந்த அக்ரூட் நக்கலடித்தது.

"அவ சந்தோஷத்துக்கு என் தோலை எதுக்குடா உரிக்கணும்?"

அப்போது வீட்டுக்காரி சிரித்தாள்.

அது அவள் சிரிப்பே இல்லை. இழுத்து இழுத்துச் சிரித்து விக்கலில் முடிந்தது. அப்படிச் சிரிப்பது அண்ணன் ஒருத்தன்தான்.

"அண்ணே, நீயா?" என்று குட்டை கத்தியது.

அவள் சிரிப்பு சட்டென்று நின்றது. மெதுவாகத் திரும்பி, பாட்டிலுக்குள் உற்றுப் பார்த்தாள்.

"நான்தான்டா தம்பி," என்றது அவள் வாய். "இதுவரைக்கும் வந்தவங்க எல்லாரும் உள்ளேதான் இருக்கோம். அவளைத்தான் காணோம்."